வக்துக்கு வக்து திருப்பிய முட்டைகள்

ஊரடங்குக் காலத்தில் இயற்கை மூச்சு விடுகிறது என்று போனில் வந்து குவிந்த செய்திகளை எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. மயில் றோட்டில் ஆடுகிறது, கடல் கண்ணாடியாகிவிட்டது, மனிதன் அடங்கினால் உலகம் பிழைக்கும் என்றெல்லாம் பூப் படத்தோடு அனுப்புவார்கள். அனுப்பியவர்கள் யாரும் எங்கள் மீன் சந்தைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சந்தை பூட்டி ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், மீன் குடல் தின்று வளர்ந்த பூனைகள் வயிறு முதுகோடு ஒட்டி வீட்டு வாசல்களில் வந்து நின்று கத்தின. மீன் தலைக்குப் பழகிய காகங்கள் என் கோழிக் குஞ்சுகளைத் தூக்கத் தொடங்கின. நாவிதன்வெளிப் பக்கம் வயல் காவலுக்கு ஆள் போகமுடியாமல், அறுவடைக்கு நின்ற வேளாண்மையை யானை மிதித்துவிட்டுப் போனது. மனிதனோடு ஒட்டி வாழப் பழகிய சீவன்களுக்கு மனிதன் திடீரென்று இல்லாமல் போவதும் ஒரு கொள்ளைநோய்தான்.

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது. எங்கள் கரை மாறித்தான் போயிருந்தது. சாய்ந்தமருதில் கடற்கரையோரமாக எங்கள் வீடு. பின்வேலியைத் தாண்டினால் மணல். வழமையாக அந்த மணலில் கால் வைக்க இடமிருக்காது. வள்ளங்களை இழுக்கிற ட்ரக்டர்கள் விடியமுன்னே உறுமும். ஐஸ் உடைப்பார்கள், ஏலம் கூறுவார்கள், ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்வார்கள். ஊரடங்கு போட்டதும் எல்லாம் ஒரே நாளில் நின்றது. நாற்பது வருஷமாகக் கடலோரம் இருந்தவள், அலைச் சத்தத்தைத் தனியாக அப்போதுதான் கேட்டேன். பெயர் தெரியாத சின்னப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து ஈர மணலைக் கொத்தின. என்னைக் கண்டால் பறக்கக்கூட இல்லை.

ஒரு நாள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு, வேலியால் நுழைந்துபோன கோழி ஒன்றைத் தேடி மணலுக்கு இறங்கினேன். கடலிலிருந்து மேட்டுக்கு ஒரு தடம் ஏறி வந்திருந்தது. ட்ரக்டர் சில்லுத் தடம் மாதிரியே வெட்டு வெட்டாக இருந்தது. ஊர் முழுக்க அடங்கிக் கிடக்கிறபோது எந்த மூதேவி ட்ரக்டரைக் கொண்டுவந்தது என்று வாய்க்குள் ஏசினேன். பிறகுதான் யோசித்தேன், ட்ரக்டர் கடலுக்குள்ளிருந்து வராது. தடம் போய் முடிந்த இடத்தில் மணல் குழம்பிக் கிடந்தது. அங்கேயிருந்து இன்னொரு தடம் கடலுக்குத் திரும்பியிருந்தது. ஆமை முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கிறது. எங்கள் வாப்பா காலத்தில் அந்தக் கரைக்கு ஆமை ஏறியதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணால் கண்டதில்லை.

அந்த இடத்தின் மேல் ஒரு தென்னோலையை இழுத்துப் போட்டுவிட்டு வந்து, கட்டாரில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் முன்பு எங்கள் ஊரில் மீன்பிடித்தவர். நாலு வருஷமாக அங்கே ஒரு கம்பனிக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கொரோனா வந்து வேலை நின்று, தங்கியிருந்த இடத்தையும் அடைத்துவிட்டார்கள். ஒரு அறையில் எட்டுப் பேர். வேலையுமில்லை, ஊருக்கு வர விமானமுமில்லை. அதுவரை எங்கள் பேச்சு எல்லாம் இருமல் இருக்கிறதா, சாப்பாடு கொடுக்கிறார்களா என்பதோடு முடிந்துவிடும். அன்றைக்கு அவர் குரலே வேறாக இருந்தது. தடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களுக்கும் காட்டியிருக்கிறார். முட்டை பொரிக்க ஐம்பது அறுபது நாள் எடுக்கும் என்று அறையில் யாரோ சொல்லிக் கேட்டது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை வைத்துக்கொண்டு இந்தக் கதையை வாசிக்கவேண்டாம். அப்படி வாசிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆமை முட்டை ஆமை முட்டைதான்.

மூன்று கிழமை எந்தப் பிரச்சினையும் இல்லை. தினமும் போய் ஓலையைப் பார்ப்பேன், நாயின் காலடி இருக்கிறதா என்று பார்ப்பேன், வந்து அவருக்குச் சொல்வேன். பிறகு மீன்பிடிக்கப் போகலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். ஊருக்கே சந்தோஷமான செய்தி. எனக்கு மட்டும் இல்லை. என் மூத்த சகோதரர், நான் காக்கா என்று கூப்பிடுகிறவர், அந்தத் துறையில் வள்ளம் வைத்திருந்தார். கடலரிப்புக்குப் போட்ட பாறாங்கற்கள் இரண்டு பக்கமும் கிடந்தன. வள்ளம் ஏறி இறங்க நடுவில் ஒரு வாய்தான் இருந்தது. அந்த வாயிலேதான், ட்ரக்டர் ஓடுகிற பாதையின் மேலேதான், ஆமை முட்டையிட்டிருந்தது. ட்ரக்டர் ஓடாத நாளில் வந்த ஆமைக்கு அது பாதை என்று எப்படித் தெரியும்? நாங்கள் விட்டுப் போன இடம் என்று நம்பி வந்திருக்கிறது. நாங்கள் விட்டுப் போகவில்லை, ஒளித்து இருந்தோம், அவ்வளவுதான்.

காக்கா கல்நெஞ்சக்காரர் அல்ல. ஆனால் அந்த வள்ளத்தை நம்பி நாலு குடும்பம் ஒரு மாதமாகப் பருப்பும் சோறும் தின்றுகொண்டிருந்தது. ஒரு நாள் தவணை தந்தார். அதற்குள் முட்டைகளை எங்கேயாவது மாற்றிவிடு, நாளன்றைக்கு ட்ரக்டர் இறங்கும் என்றார். யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆமை முட்டையைத் தொடுவதே சட்டப்படி குற்றம் என்பதுகூடப் பிறகுதான் தெரியும். வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"புள்ள, அதுகள விட்டுறாத," என்றார். "ட்ரக்டர் ஏறினா ஒண்டும் மிஞ்சாது. உனக்குத்தான் முட்டையோட பழக்கம் இருக்கே."

பழக்கம் இருந்தது உண்மை. ஊரடங்குக்கு முன்பே நான் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்றுக்கொண்டிருந்தேன். அடைக்கோழியை நம்பி அல்ல. பலகைப் பெட்டியில் மின்குமிழ் பூட்டி, சூடு பார்க்கிற கருவி வைத்து, நானே பொரிக்க வைப்பேன். பெட்டியில் பொரிப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. கோழி தன் வயிற்றுக்குக் கீழே முட்டையை அடிக்கடி உருட்டும். பெட்டியில் அந்த வேலையை மனிதக் கை செய்யவேண்டும். திருப்பாமல் விட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிச் செத்துப்போகும். எந்தப் பக்கம் திருப்பினோம் என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி மாதிரி புள்ளடியும் மறுபக்கம் வட்டமும் போடுவேன். நேரம் மறக்காமல் இருக்க நான் வைத்துக்கொண்ட ஏற்பாடு தொழுகைக்கு உரிய ஐந்து வக்து. பாங்கு கேட்கும், தொழுவேன், தொழுத கையோடு பெட்டியைத் திறந்து பிஸ்மி சொல்லித் திருப்புவேன். ஒரு வக்தும் தவறமாட்டேன். அதனால் என் பெட்டியில் பழுது குறைவு என்று ஊரில் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது.

ஆகவே ஆமை முட்டைக்கும் நான்தான் ஆள் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

முழங்கை வரை கையை விட்டு மணலைத் தோண்டினேன். உள்ளே இளஞ்சூடு இருந்தது. முட்டைகள் உருண்டையாக, தோல் மாதிரி மெத்தென்று இருந்தன. நூற்றி நாலு இருந்தன. ஒவ்வொன்றிலும் மேல்பக்கத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்ததைக் கண்டேன். பழுதில்லை என்பதற்கு அடையாளமாக்கும் என்று சந்தோஷப்பட்டேன். பேசினில் குவித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காக்காவின் பழைய மீன் பெட்டிகள் மூன்றை, அந்த வெள்ளை நிற லேசான பெட்டிகளை, கழுவிக் காயவைத்து, கடல் மணலை நிரப்பி, முட்டைகளை ஒரே அடுக்காக அடுக்கினேன். நீல மார்க்கரால் ஒரு பக்கம் புள்ளடி, மறுபக்கம் வட்டம். மேலே மெல்லிய மணல், அதற்கு மேலே வலை. சூடு பார்க்கிற கருவியை நடுவில் குத்திவைத்தேன். வேலை முடிந்து நிமிர்ந்தபோது பின்னேரமாகி அஸருக்குப் பாங்கு சொன்னது. அந்த நாட்களில் பள்ளிவாசலில் ஜமாஅத் இல்லை, பாங்கு மட்டும் சொல்லி, வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்பார்கள். தொழுதேன். வந்து நூற்றி நாலையும் பிஸ்மி சொல்லித் திருப்பினேன்.

அதன் பிறகு ஒரு வக்தும் தவறவில்லை. நோன்பு தொடங்கிவிட்டது. சஹர்ச் சாப்பாட்டுக்கு எழும்பி சுபஹுக்குப் பிறகும், பகலில் ளுஹருக்கும் அஸருக்கும் பிறகும், நோன்பு திறந்த களைப்போடு மஃரிபுக்கும் இஷாவுக்கும் பிறகும் மணலைக் கையால் விலக்கி, ஒவ்வொன்றாகப் புள்ளடியிலிருந்து வட்டத்துக்கும், வட்டத்திலிருந்து புள்ளடிக்கும் மாற்றினேன். இடுப்பு விட்டுப்போகும். வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் வீடியோவில் பெட்டிகளைக் காட்டச் சொல்வார். முட்டை மணலுக்குள் இருந்ததால் அவருக்குத் தெரிந்தது மூன்று பெட்டி மணல்தான். அதைப் பார்க்க அவருடைய அறையில் போனைச் சுற்றி எட்டுத் தலை. அவர்களில் ஏறாவூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் இருந்தார். வயதில் மூத்தவர், அங்கே சமையல்காரர், சீனி வருத்தத்துக்குத் தினமும் ஊசி போடுகிறவர். எல்லாரும் மாமா என்று கூப்பிடுவார்கள். அவர் தினமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: குஞ்சு வந்துட்டா, மகள்? இன்னும் இல்ல மாமா என்பேன். பரவாயில்லை, நம்மளும் அடைபட்டுத்தானே கிடக்கிறோம், அதுகளும் கிடக்கட்டும் என்று சிரிப்பார்.

நான் திருப்புகிறேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை. சோறு வடிக்கிறபோது கஞ்சியை வடிக்கிறேன் என்று யாராவது சொல்வார்களா? சொல்லத் தேவையில்லாத வேலை என்று நினைத்தேன்.

நாற்பது நாள் கடந்தபோது பகலில் நடமாட விட்டார்கள். வினாயகபுரத்திலிருந்து ஒரு அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தார். கடற்தொழில்காரர். முன்பும் இரண்டு தடவை என்னிடம் குஞ்சு வாங்கியிருக்கிறார். குஞ்சுகளைக் கூடையில் பிடித்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது பெட்டிகளைக் கண்டு என்னவென்று கேட்டார். எனக்குச் சொல்ல ஆசை. வலையை விலக்கி, மணலைத் தட்டி, ஒரு முட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். புள்ளடியைப் பார்த்தார், உருட்டி வட்டத்தைப் பார்த்தார். இளவயதில் தெற்குக் கரையில் ஆமை முட்டை பொரிக்க வைக்கிற இடமொன்றில் கொஞ்சக் காலம் வேலை செய்தவராம். அது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"தங்கச்சி, இதுகளத் திருப்பினீங்களா?"

"ஓம் அண்ணன். ஒரு வக்தும் தவறல்ல."

அவர் முட்டையை இருந்த இடத்தில் மெல்ல வைத்து, மணலை மூடினார்.

"கோழிதான் திருப்பும்," என்றார். "ஆமை வச்சிட்டுப் போயிரும். பிறகு ஒருத்தரும் தொடுறதில்ல. வச்ச மாதிரியே கிடக்கணும்."

மேலே வெள்ளைத் திட்டு இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். உள்ளே இருக்கிற உயிர் அந்த இடத்தில்தான் ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருக்குமாம். இட்ட சில மணித்தியாலத்துக்குள் எடுத்தால் ஒன்றும் ஆகாதாம். மூன்று கிழமையானதை எடுப்பதென்றால் மேல்பக்கம் மேல்பக்கமாகவே இருக்க, ஆடாமல் அசையாமல் எடுக்கவேண்டுமாம். தலைகீழாகத் திருப்பினால் ஒட்டியது அறுந்து உள்ளேயே மூழ்கிப்போகுமாம். என் முகத்தைப் பார்த்திருப்பார் போல, ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம், காத்திருந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் குஞ்சுக் கூடையைக் கட்டிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு ளுஹருக்குப் பாங்கு சொன்னது. தொழுதேன். எழும்பி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கோழிக்குச் சரியானது ஆமைக்கும் சரி என்று ஏன் நினைத்தேன்? மனிதன் அடங்கிய காலத்தில் வந்த ஒரு சீவனை, அடங்காத என் கைதான் கொன்றது. ட்ரக்டர் ஏறியிருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும். நான் ஒரு நாளைக்கு ஐந்து தடவை, பிஸ்மி சொல்லிச் சொல்லிச் செய்தேன். உண்மையில் முதலாவது அஸரிலேயே எல்லாம் முடிந்திருக்கும். பிறகு இருபது நாளாக நான் செத்தவற்றைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு முட்டைகளைத் தொடவில்லை. அறுபது நாள் ஆயிற்று. அறுபத்தைந்து ஆயிற்று. எறும்பு மொய்த்தது, நாற்றம் எடுத்தது. ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தேன். பெருவிரல் நுனியளவு ஒன்று, கண் மட்டும் கறுப்பாக, சுருண்டு கிடந்தது. முதுகில் ஓடு இன்னும் பிடிக்கவில்லை. இரண்டாவதை உடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. காக்காவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. மண்வெட்டியை எடுத்து வந்து, பாறாங்கல்லுக்கு அப்பால் மணலில் ஆழமாகத் தோண்டி, நூற்றி நாலையும் போட்டு மூடினார். இதை ஊரில் கதைக்காத, வாயை மூடிக்கொண்டு இரு என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்காரர் போன் எடுத்தார். அவருக்கு ஒரு கிழமையாக வீடியோ காட்டாமல் நெற் இணைப்புச் சரியில்லை என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குரல் உடைந்திருந்தது. மாமாவுக்குக் கொரோனா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அறையில் இன்னும் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றார். அழுகிறார் என்று விளங்கியது. கல்யாணம் முடித்து பத்தொன்பது வருஷத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை. பிறகு கேட்டார், ஆமை என்ன ஆயிற்று என்று.

"எல்லாம் போயிட்டு," என்றேன். "இண்டைக்கு சுபஹோட கடலுக்குப் போயிட்டு."

அவர் அல்ஹம்துலில்லாஹ் என்று உரக்கச் சொல்லி, அறையில் மிச்சமிருந்தவர்களுக்குக் கத்திச் சொன்னார். அவர்கள் கைதட்டுவது எனக்குக் கேட்டது. வீடியோ ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். போனில் சார்ஜ் இல்லை என்றேன். ஒரு பொய்யோடு நிற்குமா? எத்தனை குஞ்சு என்றார், எண்ண முடியவில்லை என்றேன். எப்படி நடந்தது என்றார், தத்தித் தத்தி என்றேன்.

ஏழு மாதம் கழித்துத்தான் அவருக்கு விமானம் கிடைத்தது. வந்து, தனிமைப்படுத்தல் முகாமில் இரண்டு கிழமை இருந்து, ஒருவழியாக வீட்டு வாசலில் வந்து நின்றபோது பாதி ஆளாக இருந்தார். அன்றைக்கே சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தேன். சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே மாமாவின் கதையைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு தாதி போனைப் பிடித்துக்கொண்டிருக்க, ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போன செய்தியை இவர் சொல்லியிருக்கிறார். மாமாவுக்குக் கதைக்கச் சக்தி இல்லை. சிரித்து, அல்லாஹ் என்பதுபோல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாராம். மறுநாள் மௌத்து. அங்கேயே அடக்கம். இங்கே கொரோனாவில் மௌத்தானவர்களை அடக்கவிடாமல் எரித்த காலம் அது, அவருக்கு மண்ணாவது கிடைத்ததே என்று சொல்லி முடித்துவிட்டு இவர் சோற்றைப் பிசைந்தார். நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.

பிறகு சொல்வதற்கு நாளே வரவில்லை. இவர் காக்காவின் வள்ளத்தில் தொழிலுக்குப் போகத் தொடங்கினார். போகிற இடமெல்லாம் என் பெருமைதான். தேத்தண்ணிக் கடையில் சொன்னார், பள்ளிவாசலில் சொன்னார். சந்தைக்குப் போனால் ஆமை பொரிச்ச ராத்தா போறா என்று இளசுகள் பகிடி பண்ணும். காக்கா என்னைப் பார்ப்பார், நான் காக்காவைப் பார்ப்பேன். இதற்கிடையில் கரை பழையபடி ஆகிவிட்டது. ட்ரக்டர் ஓடியது. மணலைக் கொத்திய சின்னப் பறவைகள் வந்த வழியே போய்விட்டன. அலை ஒதுக்குகிற குப்பையில் முகக்கவசமும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான் புதுசு. இவர் மட்டும் ஒவ்வொரு பங்குனியிலும் மணலில் தடம் தேடுவார்.

மூன்றாவது வருஷம் தடம் வந்தது. சுபஹுக்குப் பள்ளிவாசலுக்குப் போனவர் கரைவழியாகத் திரும்பி ஓடிவந்தார். வள்ளம் இறங்குகிற வாய்க்குக் கொஞ்சம் தள்ளி, பாறாங்கல்லோடு ஒட்டினாற்போல் ஏறியிருக்கிறது. நாய்கள் மோப்பம் பிடிக்கத் தொடங்கிவிட்டன, விடிந்தால் சனம் கூடிவிடும் என்றார். கூரைக்கு மேலே போட்டிருந்த மீன் பெட்டிகளை இறக்கினார். எறியாமல் இவர்தான் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். சூடு பார்க்கிற கருவி எங்கே என்று அலுமாரியைக் கிளறினார். நான் கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்றேன்.

"வா புள்ள, உனக்குத்தானே வழி தெரியும்," என்று சொல்லிவிட்டுப் பேசினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் பின்னால் ஓடினேன். அந்த வயதில், அந்த மணலில், முந்தானை எங்கே கிடக்கிறது என்றும் பாராமல் ஓடினேன். நான் போய்ச் சேரும்போது அவர் முழந்தாளிட்டு, கையை முழங்கை வரை மணலுக்குள் விட்டிருந்தார். பக்கத்தில் காக்கா நின்றார். தடுக்க வழி தெரியாமல் நிற்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"தொடாதீங்க," என்றேன். "அண்டைக்கு ஒண்டும் கடலுக்குப் போகல்ல. கோழி முட்டையப் போல திருப்பித் திருப்பி நான்தான் சாகடிச்சன்."

அவர் என்னைப் பார்க்காமல் காக்காவைப் பார்த்தார். காக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கையை மெல்ல, விரல் விரலாக வெளியே எடுத்தார். முட்டை ஒன்றும் வரவில்லை. தோண்டிய மணலை இரண்டு கையாலும் அள்ளி உள்ளே போட்டு, உள்ளங்கையால் தட்டினார். பிறகு வெறும் பேசினை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை, கதைக்கவும் இல்லை. கறிக்கு உப்புக் காணாது, சட்டையைக் கழுவு என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை. ஆனால் முட்டை கிடந்த இடத்தைச் சுற்றிக் கம்பு நட்டு, வலை அடித்து, நாய்க்கும் சனத்துக்கும் காவல் இருந்தார். வேலிக்குள் அவரும் கை வைக்கவில்லை, யாரையும் வைக்க விடவுமில்லை. நான் தூரத்தில் நின்று பார்ப்பேன். என்னைக் கிட்ட வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ஐம்பத்திரண்டாம் நாள் சுபஹுக்கு முன்னே என்னைத் தட்டி எழுப்பினார். போய்ப் பார்த்தேன். மணல் உள்வாங்கி, அதற்குள்ளிருந்து கறுப்புக் கறுப்பாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. யாரும் தொடாமல், யாரும் திருப்பாமல் தாமாகவே வந்தன. காக்கா அன்றைக்கு வள்ளம் தள்ளவில்லை, ட்ரக்டரின் லைட்டைப் போடவேண்டாம் என்று தடுத்துவைத்திருந்தார். கிழக்கு வெளுக்கிற வெளிச்சத்தில் அவை தண்ணீருக்குப் போயின. அவை தத்தித் தத்திப் போகவில்லை. நான் பொய்யாகச் சொன்ன மாதிரி இல்லை அது. நான்கு காலையும் துடுப்பு வலிப்பதுபோல் வலித்து வலித்து, கவிழ்ந்து, நிமிர்ந்து போயின. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அல்ல. அந்த நூற்றி நாலும் இப்படித்தான் போயிருக்கும் என்று அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

கடைசிக் குஞ்சையும் அலை எடுத்த பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். ஐம்பத்திரண்டு நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"நான் மாமாவுக்கு என்னத்தச் சொல்லி அனுப்பியிருக்கிறன், புள்ள?"

அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே என்னிடம் கேட்டார். அவர் நடந்தார், நான் பின்னால் நடந்தேன்.